நிரல்நிறை

முதுநகர் துறைமுகத்துக்கு
ஐஸ் டோக்கன் அடித்துத் தரும் இயந்திரம்
தனி இயந்திரமே இல்லை.
மஞ்சக்குப்பத்தில் எங்கள் மாடியறையில்
ஒரே இரும்புப் பெட்டிக்குள்
பதினொரு மெய்நிகர் இயந்திரங்கள்,
அதில் அது ஏழாவது.

அதன் வாசலில் ஒரு வடிகட்டி விதி.
எழுதியவள் பெர்னதெத்.
இப்போது லியோனில் இருக்கிறாள்.
இரண்டு பட்டியல் வைத்துவிட்டுப் போனாள்:
உள்ளே வரலாம் என்று மூன்று முகவரி,
தட்டலாம் என்று மூன்று கதவெண்.
இரண்டுக்கும் சுட்டி ஒன்று.
விளக்கம் ஒரு வரி கிடையாது.
படித்தாலே புரியும் என்பாள்.
அவளுக்குப் புரிந்தது.

வியாழன் மாலை ஜைனுலாப்தீன்
சோனாங்குப்பத்துப் புதுக் கவுண்டருக்காக
நான்காவது முகவரி சேர்த்தார்.
கதவெண் பட்டியலைத் தொடவில்லை.
தொட வேண்டுமென்று யார் சொன்னார்கள்?
ஓடிக்கொண்டிருந்த இயந்திரம்
ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது.

இரவு இரண்டரைக்குக் கரண்ட் போனது,
யூபிஎஸ் இரண்டு முறை இருமி நின்றது,
மூன்றுக்குக் கரண்ட் வந்தது.
பத்து எழுந்தன.

நாலே காலுக்குச் சங்கத்து அஞ்சலாட்சி போனில்:
“டோக்கன் வரல.
நாப்பத்திரண்டு போட்டு நிக்குது.
ஐஸ் பாருக்கு வேர்க்குது.”

ஜைனுலாப்தீன் கைலியோடு ஓடி வந்து
இரண்டாம் பட்டியலின் சுட்டியை மட்டும்
ஒன்றிலிருந்து இரண்டாக மாற்றினார்.
எழுந்துவிட்டது.
டீ வாங்கிக் கொடுத்தார்.
நானும் குடித்தேன்.

மத்தியானம்தான் எண்ணிப் பார்த்தேன்.
நாலு முகவரி, மூன்று கதவு:
பன்னிரண்டு வழி திறந்து கிடந்தது.
நமக்கு வேண்டியது நாலு.

ஆகவே இந்த ஆவணம்.

இரண்டு பட்டியலுக்கும் ஒரே சுட்டி என்றால்
அது நிரல்நிறை.
முதலுக்கு முதல், இரண்டுக்கு இரண்டு.
பத்தாம் வகுப்பில் இதற்கு இரண்டு மதிப்பெண்,
நான் ஒன்று வாங்கினேன்.
ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை என்றால்
இயந்திரம் எழாது.
பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப்
படுத்துக்கொள்ளும்.

சுட்டி வேறு வேறு என்றால்
அது உயிர்மெய்.
பன்னிரண்டும் பதினெட்டும் சேர்ந்து
இருநூற்றுப் பதினாறு.
எதற்கும் எதுவும் சேரும்.
க வேண்டுமென்று கேட்டவனுக்கு
ஙௌவும் சேர்த்தே வரும்.
ஙௌவை யாரும் எழுதுவதில்லை,
அட்டவணையில் அது உட்கார்ந்திருக்கிறது.
அன்று காலை ஆறு மணிநேரம்
எட்டு ஙௌ
வாசலில் திறந்து கிடந்தன.
ஐஸ் கவுண்டரிலிருந்து
சங்கத்துக் கணக்குப் புத்தகம் வரைக்கும்
நேராக ஒரு வழி.
யாரும் நடந்ததாகத் தடயம் இல்லை.
தேடிய அளவில் இல்லை.

குறிப்பு, தடித்த எழுத்தில்:
ஒரே கதவெண்ணை
ஒரு பட்டியலில் இரண்டு முறை எழுதலாம்.
தப்பில்லை.
சோனாங்குப்பத்துக்கும் முதல் கதவேதான் என்றால்
நான்காம் இடத்தில் அதையே மறுபடி எழுதவும்.
ஒரு முறை எழுதியதை
எதற்கு இன்னொரு முறை என்று நினைத்தேன்,
என்றார் ஜைனுலாப்தீன்.
நல்ல மனிதர். கடுதாசி மிச்சம் பிடிப்பவர்.

உதாரணம் ஒன்று வேண்டியிருந்தது.
துறைமுகத்துக்குப் போய்
அந்த விடியலில் அஞ்சலாட்சி கையால் எழுதிய
டோக்கன் கணக்கைக் கேட்டேன்.
காலண்டர் தாளின் பின்பக்கம்.
இடப்பக்கம் படகு, வலப்பக்கம் ஐஸ் பார்,
நடுவில் ஸ்கேல் வைக்காத கோடு.
நாப்பத்திரண்டு படகு. நாப்பத்தொரு எண்.

கடைசிப் படகுக்கு எதிரே
எண் இல்லை.
“ஐஸ் தீந்துடுச்சு,” என்றாள்.
அந்த இடத்தில் ‘பொறவு’ என்று
எழுதி வைத்திருந்தாள்.

அதை ஆவணத்தில் எங்கே சேர்ப்பதென்று
தெரியவில்லை.
இயந்திரத்துக்கு அந்த மதிப்பு செல்லாது.
தாளில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் எடுத்துவிட்டு
படம் பிடித்துக்கொண்டேன்.